மக்காச்சோளக் காட்டில் மாட்டை அவிழ்த்து விடலாமா? எப்போது தீவனம், எப்போது ஆபத்து?

புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த மக்காச்சோளம் இடுப்பளவு வளர்ந்து நிற்கும் நேரத்தில் மழை நின்றுபோனால், பயிர் கதிர் பிடிக்காமல் காயத் தொடங்கிவிடும். இல்லையென்றால் படைப்புழு புகுந்து குருத்தைத் தின்று தீர்த்துவிடும். அறுவடைக் கூலிக்குக்கூட விளைச்சல் தேறாது என்று தெரிந்த பிறகு, பல விவசாயிகள் எடுக்கும் கடைசி முடிவு இதுதான்: "வீணாப் போறதுக்கு மாடாவது தின்னட்டும்."

முடிவு சரிதான். மக்காச்சோளம் மாட்டுக்கு நல்ல தீவனம். தீவனத்துக்காகவே அதைப் பயிர் செய்பவர்களும் உண்டு. ஆனால் கயிற்றை அவிழ்த்து முழுக் காட்டையும் ஒரே நாளில் திறந்துவிட்டால், பயிர் போன நஷ்டத்தோடு மாடும் போகக்கூடும். நிற்கிற மக்காச்சோளத்தில் மாடு மேய்வதில் என்ன லாபம், என்ன ஆபத்து, எப்படிச் செய்தால் பாதுகாப்பு? பார்க்கலாம்.

சோளம் வேறு, மக்காச்சோளம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "இளஞ்சோளத்தைத் தின்னா மாடு செத்துப் போகும்" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வது உண்மை. ஆனால் அது மக்காச்சோளத்தைப் பற்றியது அல்ல. நாட்டுச் சோளத்தைப் பற்றியது. இளம் சோளப் பயிரிலும், அறுத்த பிறகு துளிர்க்கும் மறுதாம்புப் பயிரிலும் சயனைடு நஞ்சை உருவாக்கும் பொருள் இருக்கிறது. அதனால்தான் சோளம் பூக்கும் முன்பு மாட்டை உள்ளே விடக்கூடாது என்கிறார்கள்.

மக்காச்சோளத்தில் இந்தச் சயனைடு பிரச்சினை கிடையாது என்றே சொல்லலாம். அதனால் பலர் "இதுல ஒண்ணும் ஆகாது" என்று நம்பி மாட்டை விட்டுவிடுகிறார்கள். மக்காச்சோளத்தில் இருக்கும் ஆபத்து வேறு வகை. ஒன்று கதிரில் இருக்கிறது, இன்னொன்று தட்டையின் அடிப்பகுதியில் இருக்கிறது, மூன்றாவது விவசாயியே தெளித்த மருந்தில் இருக்கிறது.

தீவனமாக எவ்வளவு நல்லது?

தமிழ்நாட்டில் பெரம்பலூர், அரியலூர், விருதுநகர், தூத்துக்குடி, சேலம், திண்டுக்கல், திருப்பூர் போன்ற மாவட்டங்களில் மக்காச்சோளம் அதிகம் விளைகிறது. விளைவதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. பசுந்தீவனத்துக்கு என்றே பயிர் செய்பவர்கள் 'ஆப்பிரிக்கன் டால்' என்ற உயரமான ரகத்தை விதைக்கிறார்கள். ஹெக்டேருக்கு 40 கிலோ விதை போட்டு, கதிர் பால் பிடிக்கும் பருவத்தில், அதாவது 60 நாள் வாக்கில் அறுத்தால், ஹெக்டேருக்கு சுமார் 40 டன் பசுந்தீவனம் கிடைக்கும்.

இதில் மாவுச்சத்தும் இனிப்பும் அதிகம். மாடு விரும்பித் தின்னும், பால் குறையாது. ஆனால் புரதம் குறைவு. காய்ந்த தட்டையில் இன்னும் குறைவு. அதனால் மக்காச்சோளத்தை மட்டுமே போட்டு மாட்டை வளர்க்க முடியாது. வேலிமசால், காராமணி, அகத்தி, கடலைக்கொடி என ஏதாவது ஒரு புரதத் தீவனம் கூடவே வேண்டும்.

ஆபத்து 1: மாடு முதலில் கதிரைத்தான் தேடும்

மாட்டை மக்காச்சோளக் காட்டில் விட்டால் வரிசையாக அடியிலிருந்து நுனி வரை தின்னும் என்று நினைக்க வேண்டாம். முதலில் கதிரைத் தேடிப் பிடித்துத் தின்னும். அடுத்து கதிரின் உறை, பிறகு தோகை, கடைசியாகத்தான் தட்டை. ருசியானதை முதலில் முடித்துவிட்டு, மிச்சத்தை மிதித்துத் தள்ளும்.

இங்கதான் சிக்கலே. முற்றிய மக்காச்சோள மணியில் சுமார் 70 சதவீதம் மாவுச்சத்து. மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் புல், வைக்கோல் போன்ற நார்ப்பொருளை மெதுவாகச் செரிக்கப் பழகியவை. திடீரென்று மணி மணியாக மாவுச்சத்து வந்து விழுந்தால், அது வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலமாக மாறும். வயிற்றில் அமிலம் ஏற ஏற, நல்ல நுண்ணுயிரிகள் செத்துப்போகும். உடலில் இருக்கும் தண்ணீரை வயிறு உறிஞ்சிக்கொள்ளும். மாடு அசை போடுவதை நிறுத்தும், தள்ளாடும், படுத்துவிடும். கவனிக்காவிட்டால் இறந்துபோகும். பிழைத்தாலும் குளம்பு வீங்கி நொண்டும் மாடுகள் உண்டு.

இது தமிழ்நாட்டுக்குப் புதிய பிரச்சினை அல்ல. மாட்டுப் பொங்கல் அன்று ஆசையாகப் பொங்கலை அளவுக்கு மீறி ஊட்டி, மறுநாள் மாடு வயிறு உப்பி விழுவதும், கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைத் தின்று மாடு சாவதும் இதே காரணத்தால்தான். சோறானாலும் மக்காச்சோளமானாலும் மாட்டின் வயிற்றுக்கு எல்லாம் மாவுதான்.

கதிர் பிடிக்காத பயிரில் இந்த ஆபத்து குறைவு. கதிர் முற்றிய பயிரில் அதிகம். "பாதிக் காட்டில்தான் கதிர் இருக்கு" என்பதும் பாதுகாப்பு இல்லை. அந்தப் பாதிக் காட்டைத்தான் மாடு முதலில் தேடிப் போகும்.

ஆபத்து 2: வறட்சிப் பயிரில் ஒளிந்திருக்கும் நைட்ரேட்

யூரியா போட்ட பயிர், மண்ணிலிருந்து தழைச்சத்தை நைட்ரேட் வடிவில் உறிஞ்சும். பயிர் நன்றாக வளரும்போது அந்த நைட்ரேட் புரதமாக மாறிவிடும். வறட்சியில் வளர்ச்சி நின்றுபோனால், உறிஞ்சிய நைட்ரேட் மாறாமல் தட்டையிலேயே தேங்கும். அதிலும் தட்டையின் அடிப்பகுதியில்தான் அதிகம். மேலே இருக்கும் தோகையில் குறைவு, மணியில் மிகக் குறைவு.

இதைத் தின்ற மாட்டின் வயிற்றில் நைட்ரேட், நைட்ரைட்டாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய ரத்தச் சிவப்பணுவால் பிறகு ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. மாடு மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆனால் உடலுக்குக் காற்று போய்ச் சேராது. ரத்தம் சாக்லேட் நிறத்துக்கு மாறிவிடும். சில மணி நேரத்திலேயே மாடு விழுந்துவிடலாம். சினை மாடு பிழைத்துக்கொண்டாலும் கன்று வீசிவிட வாய்ப்பு உண்டு.

இதில் கவனிக்க வேண்டிய நான்கு விஷயங்கள்:

* வறட்சிக்குப் பிறகு பெய்யும் முதல் மழைதான் அதிக ஆபத்தான நேரம். மழை பெய்ததும் வேர் வேகமாக நைட்ரேட்டை உறிஞ்சும், ஆனால் பயிர் உடனே வளர்ந்துவிடாது. அதனால் மழைக்குப் பின் ஒரு வாரமாவது மாட்டை உள்ளே விடக்கூடாது.
* சமீபத்தில் மேலுரமாக யூரியா போட்ட காட்டில் ஆபத்து இன்னும் அதிகம்.
* வெயிலில் காயவைத்தால் நைட்ரேட் போகாது. சோளத்தின் சயனைடு காய்ந்தால் குறையும். அதே நினைப்பில் மக்காச்சோளத் தட்டையைக் காயவைத்துப் போடுவது பயன் தராது.
* பசியோடு இருக்கும் மாட்டுக்குத்தான் பாதிப்பு அதிகம். வயிறு நிறைய வைக்கோல் தின்ற மாடு, அதே பயிரைச் சிறிது தின்றால் தாங்கிக்கொள்ளும்.

அறுத்துப் போடும்போது அடியில் ஒரு அடி தட்டையை நிலத்திலேயே விட்டுவிடுவது இதற்குச் சுலபமான பாதுகாப்பு. மேய விடும்போதும் இதே கணக்குதான். தோகையும் நுனியும் தீர்ந்ததும் மாட்டை வெளியே ஓட்டிவிட வேண்டும். "இன்னும் தட்டை நிக்குதே, அதையும் தின்னட்டும்" என்று விட்டால், விஷம் இருக்கும் பகுதியைப் பசியோடு தின்னவைத்த மாதிரி ஆகிவிடும்.

ஆபத்து 3: மருந்து அடித்த காடு

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு, இந்தியாவில் முதன்முதலாக 2018-ல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் தாக்கியது. அதற்குப் பிறகு மக்காச்சோளத்துக்கு மருந்து அடிக்காமல் விளைச்சல் எடுப்பது பல இடங்களில் கடினமாகிவிட்டது.

பயிர் மருந்தை மீறி அழிந்தாலும், அடித்த மருந்து பயிரில் இருக்கும். ஒவ்வொரு மருந்து பாட்டிலிலும் கடைசியாகத் தெளித்ததிலிருந்து எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டு மூன்று மருந்து அடித்திருந்தால், எதற்கு அதிக நாளோ அதுவே கணக்கு. களைக்கொல்லிக்கும் இது பொருந்தும்.

இதில் தனியாகக் கவனிக்க வேண்டியது நச்சு உணவு. படைப்புழுவைக் கட்டுப்படுத்த, தவிடும் வெல்லமும் கலந்து புளிக்கவைத்து, அதில் பூச்சி மருந்தைச் சேர்த்துக் குருத்தில் வைக்கும் முறை இருக்கிறது. தவிடு, வெல்லம் இரண்டுமே மாட்டுக்குப் பிடித்தவை. அப்படி வைத்த காட்டில் மாட்டை விடவே கூடாது. குருத்தில் குருணை மருந்து போட்டிருந்தாலும் இதே எச்சரிக்கை.

காட்டை வேறு ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டவர்களும், பக்கத்துக் காட்டுக்காரரிடம் மேய்ச்சலுக்குக் கேட்டு வாங்குபவர்களும், "கடைசியா என்ன மருந்து அடிச்சீங்க, எப்ப அடிச்சீங்க, யூரியா எப்ப போட்டீங்க?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் மாட்டை ஓட்டிப் போகக்கூடாது.

அமெரிக்காவில் எப்படி மேய்க்கிறார்கள்?

நிற்கிற மக்காச்சோளத்தில் மாடு மேய்ப்பதைத் திட்டமிட்டே செய்யும் நாடுகள் உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா, டகோட்டா மாநிலங்களிலும், கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன், மனிடோபா மாகாணங்களிலும் குளிர்காலத்தில் புல்வெளியைப் பனி மூடிவிடும். உயரமாக நிற்கும் மக்காச்சோளம் பனிக்கு மேலே தெரியும். அதனால் சில பண்ணையாளர்கள் அறுவடை செய்யாமல் பயிரை அப்படியே விட்டு, இறைச்சி மாட்டு மந்தைகளை அதில் மேய விடுகிறார்கள். 2012-ல் அமெரிக்காவில் கடும் வறட்சி வந்தபோது, கதிர் பிடிக்காமல் போன மக்காச்சோளத்தைப் பலர் இப்படித் தீவனமாக்கினார்கள். நைட்ரேட் எச்சரிக்கையும் அப்போது பரவலாகக் கொடுக்கப்பட்டது.

அவர்கள் முழுக் காட்டையும் திறந்துவிடுவதில்லை. மின்வேலிக் கம்பியை இழுத்துக் காட்டைப் பட்டை பட்டையாகப் பிரிக்கிறார்கள். ஒரு நாளைக்கோ இரண்டு மூன்று நாளைக்கோ தேவையான பட்டையை மட்டும் திறக்கிறார்கள். அதில் இருப்பதைத் தின்று முடித்த பிறகு கம்பியை நகர்த்துகிறார்கள்.

வீணாவதைத் தடுக்க மட்டும் இப்படிச் செய்வதில்லை. பத்து நாளைக்கான காட்டை ஒரே நாளில் திறந்தால், பத்து நாளைக்கான கதிரை மாடு முதல் இரண்டு நாளிலேயே தின்றுவிடும். அப்போது முதலில் வயிற்றில் அமிலம், பிறகு மிச்ச நாளெல்லாம் வெறும் தட்டை. ஒரு நாளைக்கான பட்டையை மட்டும் திறந்தால், கதிர், தோகை, தட்டை மூன்றும் ஒவ்வொரு நாளும் கலந்தே உள்ளே போகும். மாட்டின் உயிரைக் காப்பது இந்த அளவுதான்.

ஐந்து மாட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு இடம்?

இதை நம்மூர்க் கணக்கில் பார்க்கலாம்.

* நல்ல தீவனப் பயிரில் ஹெக்டேருக்கு 40 டன் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 4 கிலோ.
* ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆக ஒரு சென்ட்டில் சுமார் 160 கிலோ பசுந்தீவனம் நிற்கும்.
* ஒரு கறவை மாட்டுக்கு வைக்கோலோடு சேர்த்து நாளைக்கு 30 கிலோ பசுந்தீவனம் என்று வைத்துக்கொண்டால், 5 மாட்டுக்கு 150 கிலோ.

அதாவது 5 மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு சென்ட் போதும். வறட்சியில் பாதிதான் வளர்ந்திருக்கிறது என்றால் இரண்டு சென்ட். ஒரு ஏக்கர் காட்டை மொத்தமாகத் திறந்துவிடுபவர், 5 மாட்டுக்கு 50 முதல் 100 நாள் வரைக்குமான தீவனத்தை ஒரே நாளில் முன்னால் வைக்கிறார். தின்றதைவிட மிதித்தது அதிகமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

அறுத்துப் போடுவதா, மேய விடுவதா?

இரண்டு முதல் ஐந்து மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு அறுத்துப் போடுவதுதான் நல்லது. அளவு கையில் இருக்கும், அடித்தட்டையை விட்டுவிடலாம், கதிரைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். தீவனம் வெட்டும் இயந்திரத்தில் நறுக்கிப் போட்டால் தட்டையும் வீணாகாது.

ஒரே சமயத்தில் நிறையப் பயிர் வீணாகப் போகிறது என்றால் ஊறுகாய்ப்புல், அதாவது சைலேஜ் போடுவது இன்னொரு வழி. நறுக்கி, காற்றுப் போகாமல் அழுத்தி மூடி வைத்தால் ஒன்றரை மாதத்தில் தயாராகும். புளிக்கும்போது நைட்ரேட்டும் ஓரளவு குறையும். முழுவதும் போய்விடாது என்பதால் அதையும் சிறிய அளவில் தொடங்கித்தான் பழக்க வேண்டும்.

அறுக்க ஆள் கிடைக்காது, மேய விட்டே ஆக வேண்டும் என்றால்:

* காலையில் பசியோடு ஓட்டிப் போகக்கூடாது. முதலில் வைக்கோலோ காய்ந்த புல்லோ வயிறார கொடுத்து, தண்ணி காட்டிவிட்டு ஓட்ட வேண்டும்.
* முதல் நாள் அரை மணி நேரம் போதும். இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாக நேரத்தைக் கூட்டலாம்.
* கதிர் முற்றியிருந்தால், அன்றைக்கு மேய விடும் பகுதியில் முன்கூட்டியே கதிரை ஒடித்து எடுத்துவிட வேண்டும். காட்டில் ஆள் நிற்க வேண்டும்.
* உயரமான பயிருக்குள் முளை அடித்து நீளக் கயிற்றில் கட்டினால் தட்டையில் சுற்றிக்கொள்ளும். ஓரத்திலிருந்து தொடங்கி, தின்று முடித்த பக்கமாகவே கட்ட வேண்டும்.
* வேலி என்று சொல்லி வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது குற்றம். மனித உயிரையே பறித்துவிடும். வனப்பகுதியை ஒட்டிய இடங்களில் சூரிய மின்வேலிக்கும் அனுமதி தேவை.
* பூஞ்சணம் பிடித்த கதிரை மாட்டுக்குக் கொடுக்கக்கூடாது. அதில் இருக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சு பாலிலும் வரும். சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் பரிசோதிக்கலாம்.

அறுவடை முடிந்த காட்டில்?

அறுவடைக்குப் பிறகு மாட்டையும் ஆட்டையும் மேய விடுவதும், கிடை போடுவதும் தமிழ்நாட்டில் காலங்காலமாக நடப்பது. நிலத்துக்கு எரு, மந்தைக்குத் தீவனம் என இரண்டு பேருக்கும் லாபம். மக்காச்சோளக் காட்டில் ஒரே ஒரு கவனம் வேண்டும். இயந்திரத்தில் அறுத்த காட்டில் கதிரும் மணியும் சிதறிக் கிடக்கும். மந்தையை விடுவதற்கு முன் ஒரு நடை நடந்து பார்த்து, குவியலாகக் கிடப்பதைப் பொறுக்கிவிட்டால் போதும். விற்கக் காசும் ஆகும், ஆடு மாடும் தப்பிக்கும்.

மாட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படித் தெரியும்?

கதிர் அதிகம் தின்ற மாட்டுக்கு அன்று இரவோ மறுநாளோ அறிகுறி தெரியும். தீவனம் எடுக்காது, அசை போடாது, இடது பக்க வயிறு உப்பும், சாணி தண்ணியாகப் புளித்த வாடையோடு வரும், பல்லைக் கடிக்கும், தள்ளாடும்.

நைட்ரேட் பாதிப்பு என்றால் சில மணி நேரத்திலேயே தெரியும். வேகமாக மூச்சு வாங்கும், நடுங்கும், ஈறும் கண்ணின் உள்பக்கமும் நீலமாகவோ பழுப்பாகவோ மாறும்.

எதுவானாலும் உடனே மாட்டை நிழலுக்குக் கொண்டுவந்து, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி கிடைக்கும். மாட்டை ஓட்டவோ விரட்டவோ கூடாது. நைட்ரேட் பாதித்த மாடு ஓடினாலே விழுந்துவிடும். மூச்சு வாங்கும் மாட்டுக்கும், படுத்துவிட்ட மாட்டுக்கும் வாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். என்ன தின்றது, எப்போது தின்றது, என்ன உரம், என்ன மருந்து என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நைட்ரேட் நஞ்சுக்கு மெத்திலீன் ப்ளூ என்ற மருந்தை மருத்துவர் ரத்தக்குழாயில் ஏற்றுவார். அது நேரத்துக்குக் கிடைத்தால் மாடு பிழைத்துக்கொள்ளும். மாற்று மருந்து நோய்க்கு ஏற்ப மாறும் என்பதால்தான் விவரம் முக்கியம்.

மேய விடும் முன் காப்பீட்டையும் பாருங்கள்

பயிர்க் காப்பீடு செய்திருந்தால், காட்டை அழிக்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண் அலுவலரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழை, வெள்ளம் சூழ்தல் போன்ற குறிப்பிட்ட பாதிப்புகளை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அரசு நிவாரணக் கணக்கெடுப்பு நடக்கும் நேரமாக இருந்தால், பயிர் நிலத்தில் நின்றால்தான் பாதிப்பைக் காட்ட முடியும். மேய விடுவதற்கு முன் சர்வே எண்ணோடு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால், வீணாய்ப் போன மக்காச்சோளத்திலும் மாட்டுக்குப் பல வாரத் தீவனம் இருக்கிறது. அது பயன்படுவதும் ஆபத்தாவதும் நாளைக்கு எத்தனை சென்ட் திறக்கிறோம், எந்த வயிற்றோடு மாட்டை ஓட்டுகிறோம், தட்டையில் எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது.